சாமியார் வரட்டும்

மருந்துக்கடை அக்காவிடம் அவசரப்பட்டு எதையும் வாங்கிவிட முடியாது. சீட்டை வாங்கி மேலும் கீழும் படிப்பார். மருந்து யாருக்கு, சாப்பிட்டாயிற்றா, வேறு மாத்திரை ஏதாவது ஓடுகிறதா என்று விசாரிப்பார். மாத்திரைப் பட்டையைக் கத்தரியால் வெட்டிக் காகித உறையில் போட்டு, உறையின் மேல் காலைக்கு ஒரு சூரியனும் இரவுக்கு ஒரு பிறையும் வரைவார். அதற்குப் பிறகும் உறை கைக்கு வராது. "எதை எப்போ சாப்பிடணும், இப்ப நீங்க சொல்லுங்க" என்பார். வெளியே வண்டியை அணைக்காமல் நிறுத்திவிட்டு வந்தவர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

"தூக்க மாத்திரைதானே, பழசையே குடும்மா. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும் சார். எனக்குத்தான் தெரியாது. சீட்டு கொண்டாங்க."

"இவங்க இருக்கிற வரைக்கும் நான் பணக்காரனாவும் மாட்டேன், கோர்ட்டுக்கும் போக மாட்டேன்" என்பார் கடை முதலாளி. அவர் அதைப் புகாராகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று அவருக்கே தெளிவில்லை.

நான் அந்த அக்கா வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே அவரும், பேருந்து ஓட்டுநரான அவர் கணவரும், கணவரின் அப்பாவும். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில். மாமனார் கடிகாரம் பழுதுபார்த்து ஓய்ந்தவர். கத்தோலிக்கக் கோவில் வட்டாரத்தில் அவரை 'லத்தீன்காரர்' என்றால்தான் தெரியும். குடிவந்த அன்றே என்னை நிறுத்தி விசாரித்தார்.

"காலேஜ் முடிச்சிருக்கியாமே. லத்தீன் வருமா?"

"வராதுங்க ஐயா. வரலாறு படிச்சேன்."

"லத்தீன் இல்லாம வரலாறா? அப்புறம் என்னத்தப் படிச்ச?"

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தை அவ்வளவு சுருக்கமாக யாரும் மடக்கி வைத்ததில்லை.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவர் சின்ன வயதில் இருந்தபோது பூசை லத்தீனில் நடந்தது. சாமியார், அதாவது குரு, மக்களுக்கு முதுகு காட்டி, பீடத்தைப் பார்த்து நின்று அதை வைப்பார். மக்கள் வரிசையாக மண்டியிட்டு, நாக்கை நீட்டி, அவர் கையால் நன்மை வாங்குவார்கள். நன்மை என்றால் அப்பம். பூசையில் அது கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்பது கத்தோலிக்கர்களின் நம்பிக்கை. அதனால் அதை யார் தொடுகிறார்கள் என்பது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. பிறகு திருச்சபை மாறியது. பூசை மக்களின் மொழிக்கு வந்தது, சாமியார் மக்கள் பக்கம் திரும்பினார், நின்றுகொண்டு கையிலும் வாங்கலாம் என்றானது. சாமியார்கள் போதாத இடங்களில், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே, பெண்கள் உட்பட, நோயாளிகளின் வீட்டுக்கு நன்மை கொண்டுபோகலாம் என்றும் ஆயிற்று. என் கல்லூரிப் பாடத்தில் இந்த மாற்றத்துக்கு ஒரு பத்தி இருந்தது. அந்தப் பத்தி ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அதில் இல்லை.

அந்தக் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பூசை. விடிந்ததும் லத்தீனில் ஒன்று. பல ஊர்களுக்குச் சுற்றி வரும் சின்னச் சாமியார் வைப்பார். வயது முப்பதைத் தாண்டாது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை பொத்தான் வைத்த கறுப்பு அங்கி. அந்தப் பூசைக்குப் பெண்கள் முக்காடு போட்டு வருவார்கள். வெயில் ஏறியபின் மக்கள் மொழியில் இன்னொன்று. அதைப் பெரிய சாமியார் வைப்பார். எழுபதைத் தாண்டியவர், ரப்பர் செருப்பு, முழங்கால் வலி, பீடத்துக்குப் பக்கத்தில் கிடார். வயதானவர் புதுசையும் வாலிபர் பழசையும் பிடித்துக்கொண்டிருந்ததில் அங்கே யாருக்கும் ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை. முதல் பூசைக் கூட்டம் வெளியே வரும்போது இரண்டாவது கூட்டம் உள்ளே போகும். உள்ளே போகிற இவர்கள் வெளியே வருகிற அவர்களை 'முதுகுக்காரங்க' என்பார்கள். அவர்கள் இவர்களைக் 'கைதட்டுக்காரங்க' என்பார்கள். வாசலில் இரண்டு தரப்பும் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தபடியே ஒருவரை ஒருவர் கடந்துவிடும்.

அக்காவின் கணவர் எந்தக் கட்சியும் இல்லை. "காலை ட்ரிப்புல முக்காடு ஏறுது, அடுத்த ட்ரிப்புல கிடார் ஏறுது. டிக்கெட் ஒண்ணுதான்" என்பார்.

அக்கா இரண்டாவது பூசை. பெரிய சாமியார் நன்மை கொண்டுபோகும் பணிக்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக அவரைத்தான் கூப்பிட்டார். அன்று அக்கா கடையில் இரண்டு பேருக்குச் சூரியனையும் பிறையையும் மாற்றி வரைந்துவிட்டு, தெருவில் ஓடிப்போய் உறையைத் திரும்ப வாங்கி வந்தார் என்று முதலாளி சொல்வார். அவ்வளவு சந்தோஷம். வீட்டில் செய்தியைச் சொன்ன இடம் சாப்பாட்டு மேசை.

"கையக் காட்டு" என்றார் மாமனார்.

அக்கா நீட்டினார். கிழவர் பழைய பழக்கத்தில் ஒரு கண்ணைச் சுருக்கி, கடிகாரத்தின் உட்புறத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது மாத்திரை வெட்டுற கை."

"ஆமா மாமா."

"மீன் கழுவுற கை."

"நீங்க சாப்பிடுற மீன்தான் மாமா."

"சாமியாரோட கைக்கு எண்ணெய் பூசி அபிஷேகம் பண்ணியிருக்கு. ஒன் கையில என்ன எண்ணெய் இருக்கு?"

"சமையல் எண்ணெய்தான்."

கணவருக்குச் சிரிப்பில் புரையேறியது. கிழவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அக்காவும் அவரும் மற்ற எல்லாம் பேசுவார்கள், இதை மட்டும் பேசமாட்டார்கள்.

பக்கவாதம் வந்து கிழவரின் இடப்பக்கம் விழுந்தது அதற்கு அடுத்த வருடம். முன்னறையில் சாய்வுக் கட்டில் போட்டார்கள். கணவருக்கு ஷிப்டு மாறி மாறி வரும், எனவே பெரும்பாலும் அக்காதான். குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, சவரம் செய்வது, கஞ்சி ஊட்டுவது. கிழவருக்கு விழுங்குவது சிரமம். தலையணையை நிமிர்த்தி, மோவாய் கீழே இறங்கும்படி தலையைப் பிடித்து, ஒரு கரண்டி கொடுத்துவிட்டு, தொண்டையில் அந்த எலும்பு ஏறி இறங்குகிற வரை பார்த்துக்கொண்டிருந்து அடுத்த கரண்டி கொடுக்கவேண்டும். உதட்டோரம் வழிவதை விரலால் வழித்து உள்ளே விடுவார். கிழவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

ஞாயிறுதோறும் இரண்டாவது பூசை முடிந்ததும் அக்கா ஒரு சின்ன உலோகச் சிமிழில் அப்பங்களை வைத்து, அதைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நோயாளிகளின் வீடுகளுக்குப் போவார். வழியில் யாரோடும் பேசமாட்டார். கடைசி வீடு அவருடையதே. கிழவர் படுத்தபின் வந்த முதல் ஞாயிறு கட்டில் பக்கம் நின்று கேட்டார்.

"நன்மை வாங்குறீங்களா மாமா?"

கிழவர் சுவரைப் பார்த்தார். "சாமியார் வரட்டும்."

சின்னச் சாமியார் ஞாயிறு பூசை முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடுவார், மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு நன்மை கொண்டுவருவார். மற்ற வாரங்களுக்குப் பெரிய சாமியாரைக் கேட்டுப் பார்த்தார் அக்கா. அவர் மறுத்துவிட்டார். "உங்க வீட்லயே ஆள் வச்சிருக்கேன். நான் வந்தா என்ன அர்த்தம்? நாளைக்கு எல்லா முதுகுக்காரங்களும் அந்தப் பொம்பளைங்க வேணாம், சாமியாரே வேணும்பாங்க. உங்கள ஏன் போட்டேன் அப்புறம்?" இதில் அவர் பக்கமும் நியாயம் இருந்தது. இடையில் கட்டிலில் ஒருவர் கிடந்தார்.

மிஞ்சிய அப்பத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கோவில் அதற்குள் பூட்டியிருக்கும். அந்த முதல் ஞாயிறு அக்கா அதைத் தானே உட்கொண்டார். நின்றபடி. கிழவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார், "மண்டி போடத் தெரியாதா?"

அடுத்த வாரம் அக்கா மண்டியிட்டார். அதற்கடுத்த வாரம் மேசையில் வெள்ளைத் துணி விரிக்கச் சொன்னார் கிழவர். பிறகு மெழுகுவத்தி. பிறகு தலைக்கு முக்காடு. அக்கா ஒன்றுக்கும் வாதாடவில்லை. ஒவ்வொரு வாரமும் கேட்பார், "நன்மை வாங்குறீங்களா மாமா?" "சாமியார் வரட்டும்." பிறகு கிழவர் நல்ல கையால் நெஞ்சில் தட்டிக்கொண்டு, 'ஆண்டவரே, நான் தகுதியற்றவன்' என்ற ஜெபத்தை லத்தீனில் முணுமுணுப்பார். அக்கா தன் மொழியில் அதையே சொல்லிவிட்டு அப்பத்தை வாயில் வைத்துக்கொள்வார். கிழவர் கண்கொட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பசித்தவன் பார்வை அது. அதற்கு மேல் நான் சொல்லக்கூடாது.

விஷயம் வெளியே போயிற்று. கிடார்ப் பூசையில் பாடல் குழுவை நடத்தும் பாட்டு டீச்சர் அக்காவின் தோழி. மருந்து வாங்குகிற சாக்கில் கடைக்கே வந்துவிட்டார்.

"என்னடி, முக்காடெல்லாம் போடுறியாமே? எப்போ கட்சி மாறின?"

"வீட்ல மட்டும்தான்."

"பொம்பளைக்கு இந்த உரிமை கெடைக்க எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா? ஒரு கெழவன் சொன்னான்னு மண்டி போடுற."

"மண்டி அவருக்குப் போடல. ஒனக்கு இருமல் மருந்து வேணுமா, வேணாமா?"

மறுபக்கம் கிழவரைப் பார்க்க அவருடைய விடியற்காலைப் பூசைக் கூட்டாளி, ஓய்வுபெற்ற தபால்காரர், வருவார். அவருக்கு வேறு குறை. "நீ வாங்கலங்கிறது சரிதான்யா. ஆனா அந்தப் பொண்ணு கையில எடுத்துட்டு வர்றத வீட்டுக்குள்ள விடுறியே, அதுக்கு மெழுகுவத்தி வேறயா?"

"கையில வர்றது யாருய்யா?" என்றார் கிழவர். "தூக்கிட்டு வர்ற ஆள் சரியில்லன்னு ஆண்டவர வாசல்லயே நிறுத்தச் சொல்றியா?"

தபால்காரர் தேநீரைக் குடித்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது கிழவருக்குப் பேச்சு குழற ஆரம்பித்தது. தன் நிலை அவருக்கே தெரிந்திருக்கவேண்டும். ஒரு மாலை கஞ்சிக்கு நடுவில் கரண்டியைத் தடுத்துவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார். நான் வாடகை கொடுக்கக் கீழே வந்திருந்தேன்.

"நான் ஒருநாள் ஒண்ணும் தெரியாமப் போயிடுவேன். அப்போ கஞ்சியோட கஞ்சியா அதையும் குடுத்துடாதே. என்ன ஏமாத்திடாதே."

"சீட்டு இல்லாம நான் யாருக்கும் குடுக்கிறதில்ல மாமா."

"ஆனா வாங்காம சாகவும் விட்டுடாதே."

அக்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "இது ரெண்டும் சேந்து எப்படி மாமா?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே இந்தக் காலத்துக்காரி" என்றார் கிழவர். பிறகு வாயைத் திறந்தார், கஞ்சிக்கு.

அவர் சொன்ன நாள் சீக்கிரமே வந்தது. ஒரு காலையில் எழுந்தவர் மகனைத் தன் தம்பி என்று நினைத்தார். பிறகு யாரென்றும் நினைக்கவில்லை. பேச்சு நின்றது. அந்த முதல் வெள்ளிக்கிழமை சின்னச் சாமியார் வரவில்லை. அவரை வேறு மறைமாவட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள், பதிலாள் இன்னும் வரவில்லை. டாக்டர் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, வரவேண்டிய சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

அந்த ஞாயிறு கணவர் வீட்டில் இருந்தார். அக்கா வந்து துணி விரித்தார், மெழுகுவத்தி ஏற்றினார், முக்காடு போட்டார். சிமிழைத் திறந்து அப்பத்தை உயர்த்தினார்.

"நன்மை வாங்குறீங்களா மாமா?"

கிழவர் வாயைத் திறந்தார்.

கணவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தொறந்துட்டாரு பாரு. குடு."

அக்கா அப்பத்தைச் சிமிழில் வைத்து மூடினார். கஞ்சிக் கிண்ணத்திலிருந்து காலிக் கரண்டியை எடுத்துக் கிழவர் முகத்துக்கு முன்னால் காட்டினார். கிழவர் வாயைத் திறந்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெறும் விரலை நீட்டினார். அதற்கும் திறந்தார்.

"என்ன பண்ற? வெளையாடுறியா?"

"பாத்தீங்கல்ல. எதுக்கும் தொறக்குறார்."

"தொறந்தா என்ன? வாரா வாரம் பட்டினியா பாத்துக்கிட்டு இருந்தார் மனுஷன். இப்பதான் வாய் தொறந்திருக்கு. குடுத்துட்டா முடிஞ்சுது."

"தெரியாமத்தான் தொறக்குறார். தெரிஞ்சப்போ வேணாம்னார்."

"அது ஒங்க பூசைச் சண்டை. இவர் எங்கப்பா." கணவர் குரல் உயர்ந்தது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். "எங்கப்பா நன்மை வாங்காமப் போனார்னா, ஒன் சட்டத்த வச்சு நான் என்ன பண்றது?"

அக்கா மண்டியிட்டு, கிழவர் சொல்லவேண்டியதையும் சேர்த்து இரண்டு தடவை சொல்லிவிட்டு, அப்பத்தைத் தானே உட்கொண்டார். கிழவர் திறந்த வாயோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மெழுகுவத்தியை அணைத்தார், முக்காட்டை எடுக்க மறந்து அப்படியே தெருவில் இறங்கினார். கிடார்க்காரர்கள் பலர் அன்று அவரை முக்காட்டோடு பார்த்தார்கள்.

பெரிய சாமியார் சாப்பிட்டுவிட்டு முழங்காலுக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தார். முக்காட்டைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"என்னம்மா இது கோலம்?"

அக்கா நடந்ததைச் சொன்னார்.

"வாய் தொறந்தார்ல? அப்புறம் ஏன் குடுக்கல? அதுக்குத்தானே உன்ன வச்சிருக்கேன்."

"வாயத் தொறந்தார் ஃபாதர். கேக்கல."

"சாகப்போற மனுஷன்கிட்ட போய்க் கேள்வி கேப்பாங்களா? கடவுள் என்ன மருந்துக்கடை வச்சிருக்காரா?"

"தெரியல ஃபாதர். நான் அதுல நிக்கிறவ. ஒருத்தர் மயக்கத்துல இருக்கார்னு அவர் வேணாம்னத வாயில போட்டதில்ல. நீங்க வாங்க."

"நான் ஏன் வரமாட்டேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். இத்தன மாசம் உங்களுக்காக நான் அவர்கிட்ட தோத்தேன். அவருக்காக உங்ககிட்டயும் தோத்துட்டேன். இன்னிக்கு யாராவது ஒருத்தர் எனக்காகத் தோக்கணும். அவரால இனிமே முடியாது."

பெரிய சாமியார் ஒத்தடத் துணியை வாளியில் போட்டார். பிறகு, "அந்தச் செருப்ப இப்படித் தள்ளு" என்றார்.

எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி. கணவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை ஏற்றினோம். கழுத்தில் தோள்துணி போட்டுக்கொண்டு, கிழவரின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார். ஜெபமெல்லாம் மக்கள் மொழியில்தான். லத்தீனுக்கு அவர் முயலவில்லை. கோவிலிலிருந்து கொண்டுவந்த அப்பத்தில் ஒரு சின்னத் துண்டை உடைத்துக் கிழவரின் நாக்கில் வைத்தார். நாக்கு அதைத் தள்ளியது. துண்டு உதட்டோரம் வழுக்கி விழுந்தது.

தரையில் விழவில்லை. பழைய பூசையில் அப்பம் கீழே விழாமலிருக்க வாங்குபவரின் மோவாய்க்குக் கீழே ஒரு தட்டுப் பிடிப்பார்கள். கஞ்சி ஊட்டும் பழக்கத்தில் அக்காவின் உள்ளங்கை அந்த இடத்தில் இருந்தது. துண்டு அதில் கிடந்தது. அதை அக்கா அப்படியே வாய்க்குள் விட்டிருக்கலாம், தினமும் செய்கிறதுதான். அவர் விரல்களை மடக்காமல் கையைச் சாமியார் பக்கம் நீட்டினார்.

பெரிய சாமியார் அவர் உள்ளங்கையிலிருந்து துண்டை எடுத்தார். மறுபடி நாக்கில் வைத்தார். அக்கா மோவாயைத் தாழ்த்திப் பிடித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் கரண்டியில் விட்டு, தொண்டையைப் பார்த்தார். எலும்பு ஏறியது. நின்றது. இறங்கியது.

"போயிடுச்சு" என்றார் அக்கா. கையில் ஒட்டியிருந்த துகளை நாக்கால் எடுத்துக்கொண்டார்.

படியிறங்கும்போது பெரிய சாமியார் கேட்டார், "இப்ப யாரும்மா குடுத்தது? நானா, நீயா?"

"நீங்கதான் ஃபாதர். நான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

கிழவர் அந்த வாரத்திலேயே போய்ச் சேர்ந்தார். தபால்காரர் விடியற்காலைப் பூசைக்காரர்கள் எல்லோரிடமும், கடைசிவரைக்கும் குருவின் கையால்தான் வாங்கினான் என்று சொன்னார். பாட்டு டீச்சர் இரண்டாவது கூட்டத்தில், முதலில் அது இவள் கையில்தான் விழுந்தது என்று சொன்னார். இரண்டுமே உண்மை. இரண்டு பேரும் அக்காவிடம் சாட்சி கேட்டார்கள். அக்கா சீட்டு கேட்டார், மருந்து கொடுத்தார், அனுப்பிவிட்டார். கணவர் சில நாள் பேசாமல் இருந்து, பிறகு ஒருநாள் தானாகவே பேச ஆரம்பித்தார். எதைப் பற்றி என்று கேட்டால் பஸ் பிரேக்கைப் பற்றி.

அக்கா இப்போதும் சிமிழோடு போகிறார். முக்காடு இல்லை. துணியும் மெழுகுவத்தியும் கேட்கிறவர்கள் வீட்டில் மட்டும். ஆனால் ஒன்று மாறிவிட்டது, அதைப் பற்றி நோயாளிகள் பெரிய சாமியாரிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தெருக்கோடியில் இடுப்பு உடைந்து படுத்திருக்கும் தையல்காரம்மா வீட்டுக்கு ஒருமுறை நான் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தபோது அக்கா வந்தார். தையல்காரம்மா கண்ணை மூடி, கைகூப்பி, வாயைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். அக்கா கொடுக்கவில்லை.

"நன்மை வாங்குறீங்களாம்மா?"

"அதான் தொறந்துக்கிட்டு இருக்கேன்ல. எவ்ளோ நேரம்? போடும்மா."

"வாயால சொல்லுங்க."

"வாயத் தொறந்து வச்சா எப்படிடி சொல்றது?"

"மூடிட்டுச் சொல்லுங்க" என்றார் அக்கா. "நான் நிக்கிறேன்."